80 டிகிரி சூட்டில் ஒரு குளியல்! ரஷ்யர்களின் கேம்ப்பிங் 'பான்யா': எப்படி அமைக்கிறார்கள், யாருக்கெல்லாம் ஆகாது?

மே மாத மத்தியானம். கப்பலூர் டோல்கேட் பக்கம் நிழல் தேடி ஒதுங்கி நிற்கும் யாரிடமாவது போய், "வாங்க ப்ரோ, 80 டிகிரி சூடான ரூமுக்குள்ள போய் கொஞ்ச நேரம் உட்காருவோம், செமையா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்றுதான் கேட்பார். 40 டிகிரிக்கே நாக்குத் தள்ளுகிற ஊர் நம்ம ஊர்.

அதே நான்குவழிச் சாலையில் தெற்கே இறங்கினால், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கூடங்குளம். அங்கே அணுமின் நிலையப் பணிக்காக ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். ஏனென்றால் ரஷ்யர்களுக்கு வாரக் கடைசி என்றாலே 'பான்யா'. ஆற்றங்கரையில் டென்ட் போட்டு நாலு நாள் கேம்ப்பிங் போனாலும், கல்லை அடுக்கித் தீமூட்டி, ஒரு தற்காலிகப் பான்யாவைக் கட்டிவிடுவார்கள்.

இன்ஸ்டாவில் பனிக்காட்டுக்கு நடுவே புகைபோக்கி வைத்த டென்ட், அதிலிருந்து ஆவி பறக்க ஓடிவந்து ஆற்றில் குதிக்கும் கூட்டம் என்று ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகளும் வருடா வருடம் டாக்டர் படிப்புக்கு ரஷ்யா போகிறார்கள். கிளாஸ்மேட்ஸோடு ஒரு ட்ரிப்புக்கு அழைப்பு வந்தால், அங்கே பான்யா இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதை எப்படி அனுபவிப்பது, எங்கே உஷாராக இருப்பது? முழுசாகப் பார்த்துவிடலாம்.

பான்யான்னா என்ன?

சூடேற்றிய கற்களின் மேல் தண்ணீர் ஊற்றி, வரும் ஆவியில் உட்கார்ந்து வியர்ப்பதுதான் பான்யா. ஃபின்லாந்துக்காரர்களின் 'சானா'வுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். சானாவில் பொதுவாக 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும், காற்றில் ஈரம் குறைவு. பான்யாவில் சூடு 60 முதல் 90 டிகிரி, ஆனால் ஈரம் அதிகம்.

வழக்கமான பான்யாவில் மூன்று பகுதிகள். உடை மாற்றி, டீ குடித்து, அரட்டை அடிக்கும் முன்னறை. குளிக்கும் இடம். அப்புறம் 'பரில்கா' எனப்படும் ஆவி அறை. ஆவி அறைக்குள் இருக்கும் கல் அடுப்புக்கு 'கமென்கா' என்று பெயர். உட்கார, படுக்க படிப்படியாகப் பலகைகள் இருக்கும். மேலே போகப் போகச் சூடு அதிகம்.

பழைய காலத்தில் புகைபோக்கியே இல்லாத 'கருப்புப் பான்யா'தான் கிராமங்களில் இருந்தது. விறகு எரியும்போது புகை முழுக்க அறைக்குள்ளேயே சுற்றி, சுவரெல்லாம் கரி பிடிக்கும். தீ அணைந்து, புகை முழுசாக வெளியேறிய பிறகுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். புகைபோக்கி வைத்த 'வெள்ளைப் பான்யா' பிறகு பரவியது. கிராமங்களில் பிரசவம் பார்த்ததும் பான்யாவில்தான். சூடு, வெந்நீர், தனிமை மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததே காரணம்.

பான்யாவில் 'பான்னிக்' என்றொரு ஆவி குடியிருக்கிறது, கடைசி முறை அதற்கானது, அந்த நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்று நாட்டுப்புறங்களில் நம்பினார்கள். நம்ம ஊரில் "உச்சி வேளையில் கிணத்துப் பக்கம் போகாத, முனி அடிச்சிடும்" என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே ரகம்.

நகரத்திலும் இது பெரிய விஷயம். மாஸ்கோவில் 1808-ல் தொடங்கிய 'சந்துனி' குளியலகம் இன்றும் இயங்குகிறது. 1975-ல் எடுக்கப்பட்ட 'விதியின் விளையாட்டு' என்ற ரஷ்யப் படத்தின் கதையே பான்யாவில்தான் ஆரம்பிக்கும். புத்தாண்டுக்கு முன் நண்பர்களோடு பான்யாவில் குடித்துவிட்டு, வேறு ஊருக்குப் போகும் ஃப்ளைட்டில் ஏற்றப்பட்டு விடுவார் ஹீரோ. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் டிவியில் போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அது.

80 டிகிரி ஏன் சுட்டுப் பொசுக்கவில்லை?

80 டிகிரி தண்ணீரில் கையை விட்டால் கொப்புளம்தான். ஆனால் 80 டிகிரி காற்றில் உட்கார முடிகிறது. காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பது முதல் காரணம். வியர்வை ஆவியாகும்போது தோலைக் குளிர்விக்கிறது என்பது இரண்டாவது காரணம்.

ஆனால் கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்ததும் கதை மாறும். நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன்னிடம் இருக்கும் வெப்பத்தை அங்கே கொட்டிவிடும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் 'சுள்'ளென்று சுடுமே, அதே கணக்கு. காற்றில் ஈரம் கூடினால் வியர்வையும் சரியாகக் காயாது. மதுரையில் 40 டிகிரி அடித்தாலும் நிழலில் நின்றால் சமாளிக்கலாம். சென்னையில் 36 டிகிரிக்கே சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். சானாவுக்கும் பான்யாவுக்கும் இருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட அதுதான்.

அதனால் தெர்மாமீட்டரைப் பார்த்து, "அங்க 100 டிகிரி, இங்க 70-தானே" என்று பான்யாவை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது.

காட்டுக்குள் பான்யா: எப்படிக் கட்டுகிறார்கள்?

கேம்ப்பிங் பான்யாவில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, கல் குவியல். ஆற்றங்கரையில் கற்களை அடுக்கி, நடுவில் தீ எரிய இடம் விடுவார்கள். மூன்று, நான்கு மணி நேரம் விறகு விடாமல் எரியும். ஒருத்தர் விறகு வெட்ட, இன்னொருத்தர் தண்ணீர் சுமக்க, மற்றவர்கள் கம்புகளை நட்டுக் கட்டி ஒரு கூண்டு செய்வார்கள். கூட்டமாகப் போனால்தான் கட்டுப்படியாகும் வேலை இது.

கல் நன்றாகச் சூடேறியதும், தீயை முழுக்க அணைத்து, கங்குகளை ஒன்றுவிடாமல் மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டுவார்கள். சாம்பல் போக, கல் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காற்றோட விடுவார்கள். அதன் பிறகுதான் கூண்டின் மேல் தார்ப்பாயோ, பிளாஸ்டிக் ஷீட்டோ போர்த்துவார்கள். தரையில் புல், இலை, மரக்கிளைகளைப் பரப்பினால் பான்யா ரெடி.

கல் விஷயத்தில் ரொம்பக் கவனம். அடுக்கடுக்காக உரியும் கல், விரிசல் விட்ட கல் எல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, கல் பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறும். உருண்டையான, கனமான, கெட்டியான கல்தான் சரி.

இரண்டாவது வகை, டென்ட் பான்யா. இதற்கென்றே தைத்த தடிமனான டென்ட், உள்ளே மடித்து எடுத்துப்போகக்கூடிய இரும்பு அடுப்பு, அதன் மேல் கற்கள், டென்ட்டுக்கு வெளியே நீளும் புகைபோக்கி. சீக்கிரமே சூடாகிவிடும். ரீல்ஸில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

எந்த வகையானாலும் மாறாத விதி ஒன்று உண்டு. மூடிய இடத்துக்குள் கங்கு இருக்கக் கூடாது, புகைபோக்கியில் அடைப்பு இருக்கக் கூடாது. கொடைக்கானலில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்ததாகச் செய்திகள் படித்திருப்பீர்கள். காரணம் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வருவதைச் 'சூட்டுக்கு வருது' என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் எழுந்து வரவே முடியாமல் போகலாம்.

உள்ளே போகலாமா? ஒரு ரவுண்ட் இப்படித்தான்!

முதலில் செயின், மோதிரம், வாட்ச், காண்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நம்ம பசங்க மறக்கிற ஒன்று, இடுப்பில் கிடக்கும் வெள்ளி அரைஞாண்! உலோகம் சூடேறினால் தோலில் கோடு போட்டுவிடும்.

'டிரஸ் கோடு' என்ன என்பது பலருக்கும் இருக்கும் தயக்கம். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போகும்போது அங்கே உடையில்லாமல் இருப்பது சகஜம். கலந்த கூட்டமாக இருந்தால் நீச்சல் உடை, அல்லது வேட்டி மாதிரி சுற்றிக்கொள்ளும் பெரிய துணி. கூச்சமாக இருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு போகலாம், தப்பே இல்லை. காலுக்கு ரப்பர் செருப்பு அவசியம்.

தலைக்குக் கம்பளித் தொப்பி வைப்பார்கள். 'சூட்டுல எதுக்குத் தொப்பி?' என்று தோன்றும். மேலே இருக்கும் காற்றுதான் அதிகச் சூடு. அது நேரடியாகத் தலையில் இறங்காமல் தடுக்கத்தான் இந்தத் தொப்பி. நம்ம ஊர் இயற்கை மருத்துவ நீராவிக் குளியலில் உடம்பு பெட்டிக்குள்ளும் தலை வெளியேயும் இருக்கும், தலையில் ஈரத்துணியும் போடுவார்கள். ஐடியா ஒன்றுதான்.

முதல் ரவுண்டில் கீழ்ப் பலகையில் ஐந்து நிமிடம் போதும். வியர்வை துளிர்க்கட்டும். வெளியே வந்து, உடம்பைக் குளிர விட்டு, தண்ணீரோ டீயோ குடித்து ஓய்வு எடுங்கள். அடுத்த ரவுண்டுக்குப் பத்து நிமிடம் வரை போகலாம். இப்படி இரண்டு, மூன்று ரவுண்ட். உள்ளே இருந்த நேரத்தைவிட வெளியே ஓய்வெடுக்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

கல்லில் ஊற்றுவது சில்லென்ற தண்ணீர் இல்லை, வெந்நீர். அதுவும் சின்னக் கரண்டியில், கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாகச் சூடேறிய கல்லில் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றினால் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஆவி வரும். சரியாகச் சூடாகாத கல்லில் பக்கெட்டைக் கவிழ்த்தால் வெள்ளை மூட்டமாக, கனமான ஆவி வந்து மூச்சு முட்டும். ஊற்றுவதற்கு முன் எல்லோரையும் கேட்டுவிட்டு ஊற்றுவதுதான் மரியாதை.

சாமியாடி கையில் வேப்பிலை... ரஷ்யர் கையில் வேனிக்!

இலையோடு இருக்கும் கிளைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு 'வேனிக்' என்று பெயர். பெரும்பாலும் பிர்ச் மரக் கிளை, இல்லையென்றால் ஓக். கோடையில் இலை இளசாக இருக்கும்போது வெட்டி, நிழலில் காயவைத்து, வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். பயன்படுத்தும் முன் தண்ணீரில் ஊறவைத்தால் இலை மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

வீடியோவில் பார்த்தால் ஒருத்தரைப் படுக்கவைத்து 'மொத்து மொத்து' என்று அடிப்பது போலத் தெரியும். நிஜத்தில் அது அடி இல்லை. மேலே இருக்கும் சூடான காற்றை இலையால் விசிறிக் கீழே கொண்டுவந்து, உடம்பில் லேசாகத் தட்டி, சில நொடிகள் அழுத்திப் பிடிப்பார்கள். கோயில் கொடையில் சாமியாடி வேப்பிலையால் தட்டிவிடுகிற வேகம்தான்.

தைலமர இலையிலும் வேனிக் கட்டுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானலில் நாம் பார்க்கும் அதே யூகலிப்டஸ். அதற்காக, கண்ணில் பட்ட இலையையெல்லாம் பறித்துக் கட்டிவிடாதீர்கள். நான்குவழிச் சாலை நடுவில் பூத்துக்கிடக்கும் அரளி முழுக்க விஷம்.

உடம்புக்கு என்ன செய்யும்? என்ன செய்யாது?

சூட்டில் ரத்தக்குழாய்கள் விரியும், இதயத்துடிப்பு கூடும். வேகமாக நடக்கும்போது துடிக்கிற அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் போகும். தசைப்பிடிப்பு தளரும். நாள் முழுக்க பேக் சுமந்து நடந்தவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் சொக்கும்.

2015-ல் ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் 20 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வாரம் ஒருமுறை சானா போனவர்களைவிட, 4 முதல் 7 முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால், 'சானாதான் அவர்களைக் காப்பாற்றியது' என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடிக்கடி போகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்திருக்கலாம். ஆய்வு நடந்ததும் சின்ன வயதிலிருந்தே பழகியவர்களிடம்தான்.

'வியர்வையில் நச்செல்லாம் வெளியே போயிடும்' என்பது மார்க்கெட்டிங் பேச்சு. வியர்வையில் பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். நச்சை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். 'ஒரே நாளில் ஒரு கிலோ குறைஞ்சுது' என்றால், குறைந்தது கொழுப்பு இல்லை, தண்ணீர். ரெண்டு சொம்பு மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

கெத்து காட்டினால் சிக்கல்!

கூட்டமாகப் போகும்போது வரும் பெரிய ஆபத்து, போட்டி. "டேய், அவன் பத்து நிமிஷம் இருந்தான், நான் இருபது" என்று ஆரம்பிப்பதுதான்.

இதை உலக அளவிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் 'உலக சானா சாம்பியன்ஷிப்' நடந்தது. 110 டிகிரி சூடு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கல்லில் தண்ணீர், கடைசியாக வெளியே வருகிறவர் வெற்றியாளர். 2010 ஆகஸ்ட் 7 அன்று நடந்த இறுதிச்சுற்றில், சுமார் 6 நிமிடத்தில் இரண்டு போட்டியாளர்களுமே சரிந்தார்கள். ரஷ்யாவின் விளாதிமிர் லாதிஷென்ஸ்கி இறந்தார். ஃபின்லாந்து வீரர் டிமோ கௌகோனென் கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதோடு அந்தப் போட்டி நின்றது. சூட்டிலேயே பழகி வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை.

இரண்டாவது, சரக்கு. அந்தப் பட ஹீரோ தப்பித்தது சினிமாவில். மது உடம்பின் தண்ணீரைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தைத் தடுமாற வைக்கும். 'போதும், வெளியே போ' என்று உடம்பு சொல்வதும் காதில் விழாது. குடிக்க அங்கே மூலிகை டீ இருக்கும். ரை (Rye) ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் 'குவாஸ்' இருக்கும், நம்ம நீராகாரம் போல லேசான புளிப்பு.

மூன்றாவது, ஆறு. ஆவியிலிருந்து ஓடிப்போய்க் குதிப்பது பார்க்க ஜாலியாக இருக்கும். சூடான உடம்பு திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது மூச்சு தன்னிச்சையாக இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். ரஷ்ய ஆறுகள் நம்ம வைகை மாதிரி இல்லை, ஆழமும் இழுப்பும் அதிகம். 2020 ஆகஸ்ட்டில் வோல்கோகிராட் நகரில், வோல்கா ஆற்றில் இறங்கிய தமிழக மருத்துவ மாணவர்கள் 4 பேர் மூழ்கி இறந்தார்கள். 2024 ஜூனில் நொவ்கராத் அருகே வோல்கோவ் ஆற்றில் இந்திய மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள். அவர்கள் பான்யாவுக்குப் போனவர்கள் இல்லை. ஆனால் ஆறு அதேதான். நீச்சல் தெரியாதவர்களும், அந்த இடம் பழக்கமில்லாதவர்களும் ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் போதும். அதுவும் சுகம்தான்.

யாரெல்லாம் தவிர்க்கணும்?

* இதயநோய் உள்ளவர்கள், சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர்கள்
* கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போகணும்
* கர்ப்பிணிகள்
* காய்ச்சல், வயிற்றுப்போக்கு, திறந்த காயம் இருப்பவர்கள்
* மது அருந்தியவர்கள்
* வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள், பட்டினியாக இருப்பவர்கள்

உள்ளே இருக்கும்போது தலைசுற்றல், குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, திடீரென வியர்வை நிற்பது... இதில் எது வந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். சட்டென்று எழுந்தால் மயக்கம் வரலாம். கீழ்ப் பலகையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். தனியாக உள்ளே போகவே வேண்டாம். ஒருத்தர் பேச்சு குழறினாலோ, பேச்சையே நிறுத்தினாலோ பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும். கூட்டமாகப் போவதன் முதல் பலனே அதுதான்.

நம்ம ஊர்ல ட்ரை பண்ணலாமா?

'கொடைக்கானல் ட்ரிப்ல ஆத்தோரமா கல்லை அடுக்கிடுவோமா?' என்று யோசிக்கிறீர்களா? வேண்டவே வேண்டாம். வனப்பகுதியில் தீமூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறந்துவிட முடியாது. நம் மலைகளில் கோடைப் புல்லுக்கு ஒரு கங்கு போதும். மூன்று மணி நேரம் தீ எரிய வேண்டிய பான்யா, ஈரக் காடும் பனியும் இருக்கிற இடத்துப் பழக்கம்.

ஆவி பிடிப்பது நமக்கும் புதுசு இல்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று 'வேது'. நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அது முகத்துக்கும் மூச்சுக்கும், பான்யா முழு உடம்புக்கும். முழு உடம்புக்கு ஆவி வேண்டும் என்றால் இயற்கை மருத்துவ மையங்களில் நீராவிக் குளியல் இருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு எடுப்பது நல்லது. நேரம் பார்த்து வெளியே கூப்பிட அங்கே ஆள் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பான்யாவிலிருந்து வெளியே வருகிறவரைப் பார்த்து ரஷ்யர்கள், "ஸ்லியோக்கிம் பாரம்" என்று வாழ்த்துவார்கள். 'லேசான ஆவி வாய்த்ததற்கு வாழ்த்து' என்கிற மாதிரி அர்த்தம். புகைபோக்கி இல்லாத கருப்புப் பான்யா காலத்தில், மிச்சமிருந்த கங்கின் விஷக்காற்றில் சிக்காமல் நல்லபடியாக வெளியே வந்ததற்கான வாழ்த்து அது என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். எத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை. நல்லபடியா வந்தியா, அதுதான் கணக்கு.

அதனால், அடுத்த முறை யாராவது "இன்னும் ரெண்டு நிமிஷம் இருடா" என்று இழுத்தால், யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். வெளியே டீ சூடாக இருக்கும்!